புழு வூட்டுக்குள்ள யாரு பூந்தா?

...மூக்கப் பொத்தாதீங்க சாரு! பட்டு ஆபீசருன்னு பேரு வெச்சுக்கிட்டு, செத்த புழு வாசன ஆவாதுன்னா எப்பிடி? நான் ரெண்டு நாளா இதுக்குள்ளயேதான் கெடக்குறேன். வாங்க, கிட்ட வந்து நல்லாப் பாருங்க. எட்டுத் தட்டு! நாலாவது தோலும் உரிச்சிட்டு எந்திரிச்சு, வெரலு தண்டிக்கு ஆயிடுச்சு. எலயப் போட்டா நறநறன்னு தின்னுட்டு, இன்னும் போடு இன்னும் போடுன்னு தலையத் தூக்கும். இன்னும் நாலே நாளு சாரு, கூடு கட்டியிருக்கும். இப்பப் பாருங்க, எருக்குழிக்குப் போவுது.

எப்பிடிச் செத்துதுன்னா... வெள்ளிக்கெழம பொழுது சாயிற நேரம். தின்னுக்கிட்டே இருந்த புழு தின்றத நிறுத்திடுச்சு. தலையத் தூக்கி இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. பச்சையா கக்குச்சு. அப்பிடியே சுருண்டு போச்சு. ஒண்ணு ரெண்டா? தட்டுத் தட்டா! நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதேன். எங்க அப்பன் செத்தப்பக்கூட அப்பிடி அழல, சும்மா சொல்லக் கூடாது.

எதுனாலயா? ஊருக்கே தெரியும். எம் மருமவ தேவமணிதான்! அதான் நேத்திக் காலைல பெட்டியக் கட்டி அனுப்பிட்டேன். எம் மவன் இன்னாசிமுத்து கூட்டிக்கிட்டுப் போயி அவங்கம்மா வூட்டுல வுட்டுட்டு வரப் போயிருக்கான். சும்மா இல்ல, 'உங்க பொண்ண இனிமே நீங்களே வெச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டுத்தான் வரணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அவனா? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் போனான். போவட்டும்.

நிக்கிறீங்களே, உக்காருங்க. கோணி போட்டிருக்குது பாருங்க. மோரு குடிக்கிறீங்களா? குடிங்க, இந்த வெயிலுல ஓசூருலேருந்து சைக்கிளு மிதிச்சு வந்திருக்கீங்க.

ஊத்தங்கர பக்கத்துப் பொண்ணு சாரு. அங்க என்னா இருக்குது? கல்லக்கா, சாம, வெயிலு. இந்த மூணுதான் அங்க வெளையும். பட்டுன்னா சீலையில பாத்திருக்கும், புழுவப் பாத்திருக்குமா? கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே தட்டப் பாத்துட்டு 'ஐயோ'ன்னு ரெண்டடி பின்னாடி போச்சு. ஆனா படிப்பு மட்டும் எட்டாங்கிளாசு! காயிதம் கெடச்சா வுடாது. பருப்பு கட்டிக்கிட்டு வந்த காயிதத்தப் பிரிச்சு, நீவி, எந்த ஊருல லாரி கவுந்துதுன்னு படிக்கும். அடுப்புல அந்தப் பருப்பு தீஞ்சுக்கிட்டு இருக்கும். எங்கூட்டுல காயிதம் படிக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அதுல ஒரு மப்பு!

என்னா பண்ணான்னா... எப்பிடிச் சொல்றது ஆம்பளகிட்ட... தீட்டோட புழு வூட்டுக்குள்ள பூந்துட்டா. ஏன் சாரு சிரிக்கிறீங்க? நாங்க வேதக்காரங்கதான். தோ பாருங்க, கழுத்துல மாதா சுருவம். தீட்டு, சகுனம், பல்லி சொல்றது, இதெல்லாம் நாங்க பாக்கவே மாட்டோம். ஆனா நாம பாக்கலன்னா என்னா சாரு, புழு பாக்குதே! புழு ஞானஸ்தானமா வாங்கியிருக்குது?

கேட்டேன். நேராவே கேட்டேன். 'நான் தூரமாவே இல்லயே அத்தே'ன்னா. பாத்தீங்களா! இந்த மாசமும் தூரமா உக்காரல, போன மாசமும் உக்காரல. அப்ப மறச்சுட்டாள்னுதானே அர்த்தம்? ரெண்டு மாசமா மறச்சிருக்கா சாரு! எங்கிட்டயா? கோழி அடைக்கு உக்காரப் போவுதுன்னா மூணு நாளு மின்னாடியே சொல்றவ நானு. மாட்டு மூச்சப் பாத்தே வயித்துல என்னா இருக்குதுன்னு சொல்லுவேன். எங்கிட்ட மறைக்கப் பாக்குறா!

அது மட்டுமா? ஒரு மாசமா வேல ஒண்ணும் ஓடல. சோத்தக் கண்டா ஓங்கரிப்பு, கொழம்பத் தாளிச்சா ஓட்டம். பித்தம் தலைக்கேறிக் கெடக்குது. நானும் எரக்கப்பட்டு ஒரு டம்ளரு வெளக்கெண்ணெ எடுத்தாந்து, 'மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிடி, வயிறு கழுவி வுட்ட மாதிரி ஆயிடும்'னேன். இவ என்னா பண்ணா? கொல்லப் பக்கம் போயி வாழ அடியில ஊத்திட்டா! நான் பாத்துட்டேன். மாமியாக் குடுத்த மருந்து வாழைக்குப் போவுது. அந்த வாழ இப்ப எப்பிடி இருக்குதுன்னு கேக்காதீங்க.

என்னா? எல்லப்பனா? அடுத்த காட்டுக்காரன் எல்லப்பனத்தானே கேக்குறீங்க? நானும் மொதல்ல அவன்மேலதான் பாஞ்சேன். அவன் ஐயாரெட்டு நெல்லு போட்டிருக்கான் பாருங்க, புது நெல்லு. நெல்லு வந்துச்சோ இல்லயோ, ஊருல இல்லாத பூச்சியெல்லாம் வந்துச்சு. ஒடனே எண்ட்ரினுன்னு ஒரு பூச்சி மருந்து வாங்கி அடிச்சான். அடிச்சா... நத்த மல்லாந்து கெடக்குது, தவள மல்லாந்து கெடக்குது, தவளயத் தின்ன கொக்கு மல்லாந்து கெடக்குது. பூச்சி மட்டும் போயிட்டுப் போயிட்டு வருது, மாமியா வூட்டுக்கு வர மாதிரி. நான் போயி, 'உன் மருந்துதாண்டா காத்துல வந்து எம் புழுவக் கொன்னுச்சு'ன்னு கத்துனேன். அவன் நெதானமா வந்து சொல்றான், மருந்து அடிக்கிற பம்பு ஒடஞ்சு ரிப்பேருக்குப் போயி ஒரு மாசம் ஆச்சாம். அடிக்கவே இல்லயாம். நான் என்னா பண்றது? கத்துனது கத்துனதுதான்னு வந்துட்டேன்.

நம்ம கிராம சேவக்கு இருக்காரே, அவரு எனக்கும் ஒரு டப்பா கொண்டாந்தாரு. 'அம்மா, உங்க மல்பெரிச் செடியில கம்பளிப்பூச்சி இருக்குது, இத அடிங்க'ன்னாரு. டப்பா மேல மண்ட ஓடு படம்! நான் தூக்கி வெளிய வெச்சுட்டேன். 'யோவ், நான் புழு வளக்குறவ, விஷத்தக் கொண்டாந்து எங்கையில குடுக்குறியே, உனக்கு அறிவிருக்குதா'ன்னு கேட்டேன். நான் என்ன எல்லப்பனா?

எனக்கு எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் சாரு. பொயில! எங்கப்பன் சொல்லிக் குடுத்தது. சர்க்காரு ஆஸ்பத்திரிப் பக்கமே நான் போனதில்ல. பல்லு வலியா, ஒரு துண்டு பொயில கன்னத்துல அடக்கு. தேளு கொட்டுச்சா, மென்னு வெச்சுக் கட்டு. மாட்டுப் புண்ணுல புழு வெச்சுதா, பொயிலயக் கசக்கித் திணி, அத்தினி புழுவும் பொலபொலன்னு கொட்டும். கோழிக்குப் பேனு, எருமைக்கு உண்ணி, புள்ளைக்கு ஈரு...

இல்ல சாரு, புழு வூட்டுக்குள்ள பொயில போவக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு மின்ன இருந்த சாரு படிச்சுப் படிச்சு சொன்னாரு. அதனாலதான் எங்கூட்டுக்காரர அந்தப் பக்கமே வுடறதில்ல. பீடி குடிக்கிற மனுசன். போன வருசம் வாசப்படில காலு வெச்சாருன்னு தொடப்பத்தால... சரி அத வுடுங்க. எங் கன்னத்துலயா? ஐயே, இது மருந்து சாரு! கடவாப் பல்லு வலிக்கு வெச்சிருக்கேன். பீடி வேற, மருந்து வேற. உள்ள போறப்ப வாயக் கொப்புளிச்சிட்டுத்தான் போவேன்.

கம்பளிப்பூச்சியா? அது போயே போச்சு! அதத்தான் சொல்ல வந்தேன், நீங்க நடுவுல நடுவுல கேள்வி கேட்டு வேற பக்கம் இழுத்துட்டீங்க. விஷம் வேணாம்னு வெச்சுட்டேன்ல, அதுக்காகச் சும்மா உக்காந்திருந்தேனா? ரெண்டு வீச பொயிலய வாங்கிப் பெரிய அண்டாவுல போட்டு, கருங்காப்பி மாதிரி ஆவற வரைக்கும் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, வேப்பங்கொத்தால தொட்டுத் தொட்டு மல்பெரிக் காடு பூரா தெளிச்சேன். ஒரு செடி வுடல. இடுப்பு ஒடஞ்சு போச்சு. மறுநாளு போயிப் பாத்தா ஒரு பூச்சி இருக்கணுமே! கிராம சேவக்குக்கும் சொல்லி வுட்டேன், வந்து பாருய்யா, உன் மண்ட ஓட்டு டப்பா இல்லாமயே எப்பிடி ஒழிஞ்சுதுன்னு.

ஏன் சாரு எழுதறத நிறுத்திட்டீங்க? எழுதுங்க, நாலு பேருக்கு உபயோகமாவும்.

என்னைக்கா? புதங்கெழம தெளிச்சேன். எல பறிச்சதா? வெள்ளிக்கெழம காலைல. அந்தக் காட்டுலதான், வேற காடு ஏது எங்களுக்கு? பறிச்சு வந்து போட்டது தேவமணிதான். போடறப்பவும் ஒரு மொணமொணப்பு. 'அத்தே, எலையில என்னமோ நாறுது, எனக்குக் கொமட்டுது, இத்தப் போட வேணாம்'னு. எலையில வாசன வராம சாம்பிராணியா வரும்? போடுடி வாய மூடிக்கிட்டுன்னு வெரட்டினேன்.

மருந்து நல்ல மருந்து சாரு. நீங்க மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காதீங்க. பொயிலத் தண்ணி பட்டா எந்தப் பூச்சியும் தாங்காது. எங் கண்ணால பாத்தேன். தலையத் தூக்கும், இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு... பச்சையா கக்கும்... அப்பிடியே சுருண்டு...

...

சுருண்டு...

சாரு.

எந்தப் பூச்சியும்னா... இதுவும் பூச்சிதானே சாரு.

இல்ல. இல்ல, இருங்க. இருங்க! காஞ்சிருக்குமே? ரெண்டு நாளு காஞ்சிருக்குமே? போவாதா? எத்தினி நாளு? அத்தினி நாளா! சேசுவே... எங் கையாலயே அண்டா அண்டாவா காச்சினேனே. எல்லப்பன் ஒரு டப்பா அடிச்சான்னு சிரிச்சேனே!

சாரு, உங்க காலப் புடிச்சுக்கறேன், எல்லப்பன் மருந்துன்னு எழுதிடுங்க. அவன் ஏற்கனவே கொக்கக் கொன்னவன், இதையும் சேத்து எழுதுனா அவனுக்கு என்னா கொறஞ்சு போவுது? முடியாதா? சரி, ஏதோ காச்சல்னு எழுதுங்க. புழுக்கு வர காச்சலு. வராதா? அட, என்னா மனுசன்யா நீங்க, இவ்ளோ நேரம் கேள்வியா கேட்டீங்க, நான் ஒண்ணு கேட்டா முடியாதுங்கறீங்க!

சரி, எழுதிக்கங்க. எழுதித் தொலைங்க. ஆனா மெதுவா எழுதுங்க, அந்தப் பக்கம் எல்லப்பன் நிக்கிறான்.

ஆமா... அப்ப அவ உள்ள வந்ததுல ஒண்ணுமில்லயா? அவ வந்ததுனால ஒரு புழுகூட சாவலயா?

அப்ப... மறைக்கல. தூரமாவே இல்லன்னு சொன்னது நெசம். ரெண்டு மாசமா. சோத்தக் கண்டா ஓங்கரிப்பு, தாளிச்சா ஓட்டம், பொயில வாசன கொமட்டுது... சேசுவே, மரியே, சூசையே! கோழி அடைக்கு உக்காரறது தெரிஞ்ச கழுதைக்கு இது தெரியலயே! எங்கண்ணு எங்க போச்சு? வூட்டுல ஒரு உசுரு வந்து உக்காந்திருக்குது, நான் பெட்டியக் கட்டி பஸ்ஸுல ஏத்தி அனுப்பியிருக்கேன். அந்த வெளக்கெண்ணெ... மாதாவே, அந்த வெளக்கெண்ணெய வாழைக்கு ஊத்துனாளே மவராசி. குடிச்சிருந்தா? எம் பேச்சக் கேக்குற நல்ல பொண்ணா இருந்திருந்தா?

அழல சாரு. பொயிலக் காரம்.

இன்னாசி நேத்தே அங்க போயிச் சொல்லியிருப்பான். 'உங்க பொண்ண நீங்களே வெச்சுக்கங்க'ன்னு. அவன் ஒரு மக்கு, சொன்னத அப்பிடியே ஒப்பிப்பான். சம்மந்தியம்மா வாய் இருக்குதே, எம் வாய் எல்லாம் அதுகிட்ட பிச்ச வாங்கணும். நான் போவணும். இன்னைக்கே போவணும். ராயக்கோட்ட போயி, கிருஷ்ணகிரி போயி, அங்கேருந்து ஊத்தங்கர பஸ்ஸு. போயி என்னான்னு சொல்றது? 'நான்தாண்டி கொன்னேன், உம்மேல போட்டேன்'னு சொல்றதா? எம் வாயி இத்தினி வருசத்துல அப்பிடி ஒரு வார்த்த பேசுனதே இல்ல சாரு. பழக்கமில்ல. வராது.

அந்தக் காயிதத்தக் குடுங்க. உங்க ஆபீசுக்கு வேற ஒண்ணு எழுதிக்கங்க. இத நான் கொண்டு போறேன். அவதான் காயிதத்தக் கண்டா வுடமாட்டாளே. குடுத்துட்டு ஓரமா நிக்கிறேன், அவளே படிச்சுக்கட்டும். அவங்கம்மாவுக்கும் சத்தமா படிச்சுக் காட்டட்டும்.

இருங்க, என்னா எழுதியிருக்கீங்கன்னு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. எம் பேரே வரலயே? 'பொயிலத் தண்ணி தெளித்ததால்'னு மட்டுமா போட்டிருக்கீங்க? யாரு தெளிச்சாங்கன்னு போடல? போடுங்க சாரு. அன்னமேரின்னு போடுங்க. பெருசா போடுங்க.

தூ! தூ! இந்தாங்க, கன்னத்துல இருந்ததும் போச்சு. பல்லு வலிச்சா வலிக்கட்டும். சாரு, கெளம்பிட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இந்தக் கையி இருக்குதே, மோந்து பாருங்க, நாலு நாளாச்சு, இன்னும் நாறுது. சாம்பல் போட்டுத் தேச்சா போவுமா, புளி போட்டா போவுமா? பன்னண்டு மணி பஸ்ஸுக்குள்ள போயிடணும் சாரு. கிட்டப் போயி அவ கையப் புடிக்கணும், அவளுக்குக் கொமட்டும்.