நடுவில் ஒரு தலை

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை நாலுகூட ஆகவில்லை. ஒரு பால் டேங்கர் மட்டும் போய்க்கொண்டிருக்கிற சாலை... முன்னாலும் வெளிச்சமில்லை, பின்னாலும் வெளிச்சமில்லை. ஓட்டுகிறவர் என் சிநேகிதனுடைய சொந்த அண்ணன். அந்தக் கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

மனுஷனுக்கு ஒரே குறை. படுத்தால் தூக்கம் வராது, ஸ்டியரிங்கைப் பிடித்தால் வரும். ஏற்கெனவே ஒருமுறை கண்ணயர்ந்து, பாலத்துச் சுவரில் உரசியிருந்தார். "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வீட்லயே படுத்துக்க" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வைத்தியம் கொண்டுவந்தவன் அவர் மனைவியின் தம்பி, செல்போன் ரிப்பேர்க்காரன். ஒயர் வைத்த இயர்போன் ஒன்று; போனில் பைனாரல் பீட்ஸ் என்றொரு சமாசாரம்.

"ஒரு காதுல ஒரு சத்தம் மாமா. இன்னொரு காதுல அதுக்கு ஒரு பொட்டு இறங்கின சத்தம். ரெண்டும் தலைக்குள்ள சேர்ந்தா மூணாவதா ஒரு துடிப்பு கேக்கும். அது வெளியில எங்கயும் கிடையாது. அந்தத் துடிப்புதான் ஆளத் தூங்க வைக்கும். ஆனா ரெண்டு காதும் ஒரே தலையில இருக்கணும்."

"அதுக்கென்ன, இவர் தலைக்குள்ள இடம் காலியாத்தானே கிடக்கு" என்றாள் அவன் அக்கா.

அவர் புரள்கிற புரளலில் அவளுக்கும் தூக்கம் போய் வெகுநாளாயிற்று. அவளுக்கு வலது காது சின்ன வயதிலேயே செவிடு. அதனால் இடது பக்கத்ததை அவளுக்குக் கொடுத்தார். வலது பக்கத்ததைத் தான் வைத்துக்கொண்டார்.

"ஒரே தலையில இருக்கணும்னானே உங்க மச்சான்?"

"புருஷன் பொண்டாட்டின்னா ஒரே தலைதான."

"ஆமா, அது யார் தலைங்கறதுலதான் சண்டையே."

சிரித்துக்கொண்டே படுத்தார்கள். இரண்டு தலையணை, நடுவே ஒரு சாண் இடைவெளி, அதன்மேல் ஒயர். காதில் வெறும் 'ம்ம்ம்ம்' என்ற ஒரே இரைச்சல். அதற்கே தூக்கம் வந்தது. சில வாரம் வண்டி நூல் பிடித்தாற்போல ஓடியது.

பிறகு ஒருநாள் படுத்திருக்கும்போது அந்த இரைச்சல் மாறியது. வூம்... வூம்... வூம்...

"என்னங்க, துடிக்குது."

"எனக்கும்."

ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தாற்போல ஒரு வாடை. அவர் கையை நீட்டி, தலையணைகளுக்கு நடுவே தடவினார். மெத்தை குழிந்திருந்தது. சூடாகவும் இருந்தது...

காலையில் மச்சானுக்குப் போன் போட்டார். அவன் சிரித்தான். "ஒத்தக் காதுல கேக்கவே கேக்காது மாமா. உங்களுக்கு நடுவுல எவனாவது படுத்துக்கிட்டு ரெண்டையும் கேட்டாத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாள். அன்றைக்கு இருவரும் கண்ணை மூடவில்லை. அந்தக் கண்ணோடுதான் அவர் வண்டி எடுத்தார்.

இப்போது அந்தச் சாலைக்கு வருவோம். இமை இரும்பாய்க் கனக்கிறது. மனைவிக்குப் போன் போட்டு, வலது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"தூக்கம் சொக்குது. ஏதாச்சும் பேசிட்டே இரு."

"தூங்கிடாதீங்க. வண்டிய ஓரங்கட்டுங்க. கேக்குதா?"

கேட்டது. இடது காதிலும் கேட்டது. அதே குரல், அதே வார்த்தை... ஒரு பொட்டு இறக்கி. இடது பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஈரத்துணி வாடை மட்டும். இரண்டு குரலும் தலைக்குள் போய்ச் சேர்ந்தன... வூம்... வூம்...

பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி ஓரமாக நின்றது. அந்த நேரம் பார்த்து சிக்னல் போய், போன் கட்டாகிவிட்டது. வலது காது அமைதியாயிற்று.

இடது காதில் மட்டும் அவள் குரல் நிற்கவில்லை.

"நின்னாச்சில்ல... இப்பத் தூங்குங்க."

விடிந்தபின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் அவரைக் கண்டுபிடித்தார்கள். மேலே ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குத் தூக்கி வந்து தட்டினார்கள், உலுக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து, "நல்லாத் தூங்கறார், வேற ஒண்ணுமில்ல" என்றார். நல்லாத்தான் தூங்கினார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

அழுது ஓய்ந்த மனைவி அவர் பக்கத்திலேயே சரிந்தாள். கேட்கிற காது தலையணையில் அமுங்கிவிட்டது. வெளிச்சத்தம் எதுவும் இல்லை. செவிட்டுக் காதுதான் மேலே இருந்தது.

அந்தக் காதில், அவளுடைய குரலிலேயே, மிக அருகில்...

"கொஞ்சம் தள்ளிப் படு. எனக்கு இடம் பத்தல."