பத்தேகால் மணிக்கு வந்த நிலநடுக்கம்

— நான் பாஸ் கிட்டாருக்குன்னு வாங்கின பெடல்ல டிரம் மெஷினைச் சொருகி வச்சிருக்கியே யாதிராக்கா, இது உனக்கே அடுக்குமா?

— அடுக்கும். உட்காருடா எபெர்த்தோ. முட்டை வச்ச அரேப்பா இருக்கு, ஆறுறதுக்குள்ள சாப்பிடு.

— சாப்பிட வரலை. சுவிட்சைச் சரி பண்ணித் தர்றேன்னு வாங்கிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு. கரகரப்புக்கு ஒண்ணு, எதிரொலிக்கு ஒண்ணு, ரெண்டு பெடல். நாளைக்கு ஆராதனை. நான் எதை வச்சு வாசிக்கிறது?

— சபையில உனக்கெதுக்குடா கரகரப்பு? உன் பாஸ் ஏற்கெனவே பசிச்ச வயிறு மாதிரிதான் கேக்குது.

— கேலி வேண்டாம். எடு, போறேன்.

— கேளுடா தம்பி. நாளைக்கு மத்தியானம், தெரு ஆட்டத்துக்குப் பாட்டுப் போடுற எங்க பிக்கோவுக்கும் முதலைங்கிற பிக்கோவுக்கும் போட்டி. எதிரெதிரா நிக்கப் போறோம். அவங்க ஸ்பீக்கர் சுவர் எங்களுதைவிட ஓர் ஆள் உயரம் கூட. பாட்டு உச்சத்துக்கு வர்றப்ப மெஷினைத் தட்டி ஜனத்தை ஆட வைக்கிறது என் வேலை. வெறும் மெஷின்னா தகரத்துல தூறல் விழுந்த மாதிரி இருக்கும். தோத்தா என் இடத்துல தன் மருமகனை நிறுத்திடுவேன்னு எங்க முதலாளி தோன் அரிஸ்தி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்.

— மருமகனுக்கு வாசிக்கத் தெரியுமா?

— ரெண்டு கை இருக்கு, அது போதுமாம். பதினோரு வருஷமா அந்தப் பெட்டிக்குப் பின்னாடி நிக்கிறேன். எனக்கு வேற ஒரு மண்ணும் தெரியாதுடா.

— சரி, அது கிடக்கட்டும். இதை எப்படிக் கோத்திருக்க?

— மெஷின்லேர்ந்து கரகரப்பு, அதுலேர்ந்து எதிரொலி, அதுலேர்ந்து ஸ்பீக்கர்.

— நானும் அப்படித்தான் கோத்தேன். தீப்பெட்டிக்குள்ள ஈ மாட்டின மாதிரில்ல கேட்டுச்சு.

— நீ எங்கடா கோத்த? உங்க சபையிலதான் டிரம் வாசிக்க ஆள் இருக்கானே.

— அவன் கல்யாணம் பண்ணிக்கிட்டு பர்ரான்கியா போயிட்டான். பாஸ்டர் ஒரு மெஷின் வாங்கிப் போட்டார். புதன்கிழமை ரெண்டு பெடல் இரவல் வாங்கிச் சும்மா பார்த்தேன்.

— மெஷின் சத்தத்தை முழுசா வச்சிருப்ப. கால்வாசிக்குக் குறைக்கணும். பெடல் கிட்டாரோட மெல்லிசான குரலுக்குப் பழகினது. மெஷின் அதுல போய்க் கத்தினா அதுக்கு விக்கல் எடுக்கும்.

— ஓ. கரகரப்பு எவ்வளவு?

— பாதிக்குப் பாதி. முழுசாத் திருப்பினா அடிச்சத்தம் கோவிச்சுக்கிட்டுப் போயிடும். அப்புறம் புதுப் பேட்டரி போடாத. அம்மா ரேடியோவுல பாதி செத்துக் கிடந்ததைத்தான் இதுல போட்டிருக்கேன். அந்த உறுமலே அதுலதான்.

— போன ஞாயிறு காலையில பத்தேகாலுக்கும் இதே பேட்டரிதானா?

— ஆமா. மணி உனக்கெப்படித் தெரியும்? உள்ளங்கையில என்ன எழுதுற?

— ஒண்ணுமில்லக்கா.

— காட்டு. 'கால்வாசிக்குக் குறை. பாதிக்குப் பாதி. செத்த பேட்டரி.' முப்பது வயசு, மீசை வேற, உன்னைப் போய் வேவு பார்க்க அனுப்பினானா முதலைக்காரன்?

— சத்தியமா இல்ல. சத்தியம் பண்றது பாவம், இருந்தாலும் சத்தியமா இல்ல. போன ஞாயிறு நீ ஜன்னலைத் திறந்து வச்சு ஒத்திகை பார்த்தேல்ல?

— வெயிலுடா.

— உன் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் சபை. பவுலும் சீலாவும் ஜெயில்ல பாடினப்ப பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்துச்சே, பாஸ்டர் அந்த இடத்தைத்தான் வாசிச்சிட்டிருந்தார். வாசிக்க வாசிக்கத் தரை நடுங்குச்சு. கூரைத் தகரம் ஆடுச்சு. காணிக்கைத் தட்டு தானா நகர்ந்துச்சு.

— அடப்பாவமே.

— அதோட விட்டியா? மைக்கை எடுத்துக் கூவினே.

— அது எங்க பிக்கோ முழக்கம்டா. 'ஓட இடமில்ல, வந்துட்டான் நிலநடுக்கம்.' பிக்கோ பேரே நிலநடுக்கம், அதைச் சொல்லாம ஒத்திகை எப்படி?

— அதுவும் எதிரொலியோட. நிலநடுக்கம், நடுக்கம், டுக்கம். மொத்தச் சபையும் முழங்கால் போட்டுடுச்சு. பதினாலு பேர் அழுது பாவத்தை ஒத்துக்கிட்டாங்க. எங்கம்மாவும்தான். உங்க வீட்டுல காணாமப் போன வளையலை எடுத்தது நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுச்சு.

— சித்தியா? திங்கக்கிழமை வளையல் வாசப்படியில கிடந்துச்சு. அந்தோணியார் தேடிக் குடுத்தார்னு அம்மா அவருக்கு ஒம்பது மெழுகுவர்த்தி ஏத்தினா.

— அந்தோணியார் இல்ல, நீதான்.

— நீ எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?

— எழுந்தேன்க்கா. பாஸ்டர் கண்ணுல தண்ணி. கர்த்தரை இருபது வருஷமாக் கூப்பிட்டேன், இன்னைக்குத்தான் வந்தார்ங்கிறார். அது என் பெடல்னு எந்த வாயால சொல்றது? உட்கார்ந்துட்டேன்.

— அதான் பெடலை வாங்கிட்டுப் போய் நீயே பூமியை ஆட்டலாம்னு பார்த்தியா?

— பார்த்தேன். என் கைக்கு அந்தத் தாளம் வராது, எனக்கே தெரியும். நீயே வச்சுக்க. முதலையையும் இதை வச்சே ஜெயி.

— என் தங்கமே. நீ நல்லாயிருக்கணும். இனிமே ஜன்னலைச் சாத்திக்கிட்டுத்தான் ஒத்திகை பார்ப்பேன், போதுமா?

— சாத்தித் தொலைச்சிடாத. நாளைக்குப் பத்தேகாலுக்கு அவர் மறுபடி வர்றார்னு பாஸ்டர் நம்ம ஒலாயா பேட்டை பூரா நோட்டீஸ் ஒட்டியிருக்கார்.