முழு உடம்பு

— சட்டையக் கழட்டுடா ஆதவா. காப்பு கட்ட ஊரே காத்துக்கினு இருக்குது.

— இப்டியே மஞ்சத் தண்ணிய ஊத்து நைனா.

— இன்னாது, சட்டையோடவா? திரோபதையம்மன் கரகம் தூக்கி தீ மிதிக்கப் போற பூசாரிடா நீ. பெரியவங்க உடம்பப் பாத்துட்டுதான் உத்தரவு குடுப்பாங்க. ஒரு வெரலு கொறஞ்சாலும் ஆவாது.

— முன்ன மாதிரி நீயே தூக்கேன்.

— திருவிழா நின்னு கெடந்த இந்த மூணு வருசத்துல என் வயித்தக் கிழிச்சி ஈரல மாத்துனத மறந்துட்டியா? கத்தி பட்ட உடம்பு அம்மனத் தொடலாமா? எவன் பெத்த புள்ளையோ, ஆக்சிடென்ட்ல செத்து எனக்கு உசுரு குடுத்தான். பேருகூட தெரியாது. ஆடி அமாவாசைக்கு ஆத்துல எள்ளுந் தண்ணியும் எறைக்கறனே, அவ்ளோதான் என்னால ஆனது. நம்ம வூட்ல முழு உடம்பு உன்னுது ஒண்ணுதான். நீயும் இல்லன்னா கரகம் பங்காளி வெற்றிவேல் வூட்டுக்குப் பூடும். அப்பறம் திரும்பி வராது.

— அங்கியே போவட்டும், வுட்டுடுங்க.

— நீ ஏன் மங்கை அழுவுற? நல்ல நாள்ல ஆத்தாளும் புள்ளையும் இன்னாத்த மறைக்கறீங்க? கைய எடுடா.

— நைனா, இழுக்காத. நைனா...

— இது இன்னாடா தழும்பு? மாருலேர்ந்து வெலா வரிக்கும். எனக்கு இருக்கற மாதிரியே இருக்குதே. மங்கை, இன்னாடி இது?

— நீங்க நெனவில்லாம கெடந்தீங்க. இவனுதுதான் பொருந்திச்சி. தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு, செத்த பையன்னு பொய் சொன்னோம்.

— இல்ல. அப்ப இவன் மெட்ராசுல வேலையில இருந்தான். பொங்கலுக்குக்கூட வரல.

— வேலை இல்ல நைனா. பக்கத்து வார்டுலதான் படுத்துக்கினு இருந்தேன்.

— அடப்பாவி.

— வெட்டுன ஈரலு திரும்ப வளந்துடும்னு டாக்டர் சொன்னாரு. வளந்துடுச்சி. ஸ்கேன்லயே பாத்தாங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல. பெரியவங்ககிட்ட நானே சொல்றேன். நீ வந்து காப்பு கட்டு.

— எந்தக் கையால கட்டுவேன்? வருசா வருசம் ஆத்துல எறங்கி, உசுரோட இருக்கற எம் புள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் எறச்ச கைடா இது.