இரைச்சல் அடங்கும் நேரம்

“சாமிக்கண்ணு பெரியப்பாவாலதான் பேச முடியாதே… அவருக்கு எதுக்குப்பா வாக்கி டாக்கி?”

என் நண்பன் அன்பரசுவின் மாமா செம்பியனிடம் அவர் மகள் இசைவாணி ஒருநாள் இப்படிக் கேட்டாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்வரை சொல்கிறேன்.

செம்பியனுக்குக் கடலூருக்குத் தெற்கே, சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி, ஒரு கடலோர ஊர். அவரிடம் ஒரு வாக்கி டாக்கி செட். அதன் ஜோடி பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணுவிடம். தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவருக்குக் குரல் போய்விட்டது. ஆனாலும் செம்பியன் கடலுக்குப் போகும் இரவெல்லாம் கரையில் செட்டோடு உட்கார்ந்திருப்பார்.

மகளுக்குச் செம்பியன் சொன்னார்: “பட்டன அமுக்குனாலே ஒரு அலை கெளம்பிடும்மா. பேசுனா, பேச்சுக்குத் தக்கபடி அது உசந்து உசந்து தாழும். பேசலன்னா ஒரே உசரத்துல போயிக்கினே இருக்கும். அது வந்து சேந்தா நம்ம செட்டுல இரைச்சல் அடங்கும். கிட்ட போகப் போக இன்னும் அடங்கும்.”

அது அவர் அனுபவம். ஒரு தை மாதப் பனியில் இன்ஜின் நின்று, போனும் அணைந்து, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் கடலில் கிடந்தார். செட்டில் ஸ்ஸ்ஸ்… என்று இரைச்சல். திடீரென்று அடங்கியது. எந்தப் பக்கம் போனால் இன்னும் அடங்குகிறதோ அந்தப் பக்கமே துடுப்புப் போட்டார். விடியும்போது கரை. சாமிக்கண்ணுவின் கட்டைவிரல் வீங்கிப்போயிருந்தது. ராத்திரி முழுக்கப் பட்டனை விடவில்லை அந்த மனிதர்.

நன்றி சொல்லச் செம்பியனுக்குக் கூச்சம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். நாமும் அப்படித்தானே இருக்கிறோம்… ஐப்பசியில் தனியாகக் கடலுக்குப் போன சாமிக்கண்ணு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. செட்டும் அவரோடு போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு. செம்பியன் வீட்டுச் செட்டில் இரைச்சல் அடங்கியது. மறுநாள் இரவும்… அதற்கு மறுநாளும்.

ஊர் பயந்தது. தலைவர் அய்யனார் நாலு பேரோடு வந்து, செட்டை உடைத்துக் கடலில் போடச் சொன்னார். செம்பியனின் மனைவி மங்கம்மா வாசலை மறித்து நின்றாள்.

“உசுரோட இருந்தப்ப எம் புருசனக் கரை சேத்தவரு. செத்துட்டா மட்டும் பேயா? எவன் இதத் தொடறான்னு பாக்கறேன்.”

யாரும் தொடவில்லை.

செட்டில் கோளாறோ என்று செம்பியன் அதைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போனார். மெக்கானிக் சார்லஸ் பிரித்துப் பார்த்துப் பூட்ட நடுராத்திரி ஆகிவிட்டது.

“செட்டுல ஒண்ணும் இல்லண்ணே. எவனோ பட்டன அமுக்கிக்கினு நிக்கறான்.”

இரவு ஒன்றரை மணி. ஆலப்பாக்கம் தாண்டி ஆளில்லாத சாலை. வண்டியின் முன்பையில் செட் இரைந்துகொண்டே வந்தது. சிப்காட் நெடி லேசாக மூக்கில் ஏறியது. அதற்குள்ளே உப்பும் ஈரக் கயிறும் கலந்த வாசனை…

இரைச்சல் அடங்கியது.

வண்டியை நிறுத்தினார். அந்த அமைதி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. குரலில்லாத ஒருவர் மூச்சு விடுவதுபோல. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது மிரட்ட வந்ததல்ல. அன்று தான் தேடியதுபோலக் கரை தேடுகிறது.

வடலூர் ஜோதியை நினைத்துக்கொண்டார். ஓடவில்லை.

“கரை தெரியலையாண்ணே? இரு, வந்துட்டேன்.”

மங்கம்மாவைக்கூட எழுப்பவில்லை. நேராகக் கடற்கரைக்குப் போனார். அதற்கப்புறம் நடந்ததை அன்பரசுவிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார்.

சாமிக்கண்ணு உட்காரும் அதே இடத்தில், கடலைப் பார்த்து உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். அமுக்கியிருக்கும்வரை எதிர்ப்பக்கத்துச் சத்தம் கேட்காது. யாராவது வருகிறார்களா, இல்லையா… தெரியாது. விரல் மரத்தது. பிறகு வீங்கியது. அவர் விடவில்லை.

கிழக்கு வெளுத்தபோது விட்டார்.

செட்டில் இரைச்சலே இல்லை. துளிகூட இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு செட்டின் பட்டனை யாராவது அமுக்கியிருந்தால் மட்டுமே வரும் அமைதி.

செம்பியன் திரும்பிப் பார்க்கவில்லை.

முதுகுக்குப் பின்னால், டிக் என்று ஒரு பட்டன் விடுபட்டது. அதற்கப்புறம்தான் இரைச்சல் வந்தது.