முசியேவுக்கு என்ன அவசரம்

அட உக்காருங்க முசியே, மைதானம் எங்க ஓடிப்போகுது? வெளியில பனி கொட்டுது. உங்க பிரெஞ்சு கிளப்பு ஒப்பந்தத்த இங்கேயே நீட்டுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். இத்தனை வருஷம் ஆஸ்திரியாவுக்கு ஆடினவன், இன்னும் பந்து உதைச்சு வேற காட்டணுமா? வியன்னாவுல ஒரு காப்பிய வாங்கிட்டு நாள் பூரா உக்காரலாம், எழுந்திரின்னு எவனும் சொல்லமாட்டான். காப்பி தீர்ந்தா தண்ணி வரும். நவ்ராட்டில் அண்ணே, முசியேவுக்கு இன்னொரு துண்டு ஆப்பிள் ஸ்ட்ரூடல்.

வேண்டாமா? சரி. எங்க விட்டேன்? ஆங், புடாபெஸ்ட் ஆட்டம். பந்த நிறுத்திட்டு இடுப்ப மட்டும் ஒரு ஆட்டு ஆட்டினேன் பாருங்க, ஹங்கேரிக்காரனுங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ளயே முட்டிக்கிட்டானுங்க. மறுநாள் இந்தக் கடைக்குள்ள நுழையறேன், பில்லியர்ட்ஸ் ஆடுறவன்கூட குச்சியக் கீழ வச்சுட்டுக் கைதட்டுறான். அந்த மரியாதை எவனுக்குக் கெடைக்கும், சொல்லுங்க.

அதுக்குள்ள கடிகாரத்தப் பாக்குறீங்களே. இதே ஊரு ஃபாவோரிட்டன் பேட்டையில செங்கச்சூளைப் பசங்க நாங்க, கந்தத்துணியச் சுருட்டிப் பந்தாக்கி ஆடினவங்க. இத்தாலிக்காரன் வந்து கூப்பிட்டப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. எங்க கால்பந்து சங்கம் விட்டுச்சா? எளசுங்க வெளிநாடு போகக் கூடாதாம். இப்ப முப்பத்திரண்டாச்சு, தாராளமாப் போங்கறான். பால் வத்தினப்புறம் மாட்டச் சந்தைக்கு ஓட்டுற கதைதான். சிரிக்காதீங்க, மாட்டச் சொன்னேன், என்னைச் சொல்லல.

என் சம்சாரம் ஹெர்மினேவுக்கு ஒரு வாரமா கால் தரையில பாவல. காலையில என்னை எழுப்புறதே பிரெஞ்சுலதான். மூணு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் எங்க மாடியில. தனி வீடு தர்றோம்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி அவ அழுதுட்டா.

பேனாவா? குடுங்க, குடுங்க. இங்கதானே போடணும்?

இருங்க, ஒண்ணு கேக்கணும். உங்க டீம்ல இப்ப சென்டர் ஃபார்வர்டு யாரு? ஓ, சின்னப் பையனா. நல்லா ஓடுவானா? பின்ன அவனை என்ன செய்யப்போறீங்க? அனுப்பிட்டீங்களா? எனக்காகவா? கல்யாணம் ஆனவனா? கைக்குழந்தை வேறயா.

ம்.

இந்தப் பேனாவ வச்சுக்குங்க முசியே. எதிர்லதான் தபாலாபீஸ். போகவேண்டாம்னு அந்தப் பையனுக்கு ஒரு தந்தி அடிச்சுடுங்க. இல்ல, நீங்க போங்க, என்னால உங்களோட வரமுடியாது. போன மாசம் பயிற்சியில முட்டி போயிடுச்சு, இனிமே ஓட்டம் இல்லேன்னுட்டாரு டாக்டரு. கடை தெறந்ததும் என்னைத் தூக்கிட்டு வந்து இந்த நாக்காலியில வச்சதே நவ்ராட்டில்தான். கையெழுத்து ஆகுற வரைக்கும் எழுந்திருக்காம இருந்தாப் போதும்னு சொல்லி அனுப்பினா ஹெர்மினே. அவகிட்டப் போய் என்ன சொல்றதுன்னுதான் தெரியல.