பிளக் கையில்

பழைய அனலாக் சிந்தசைசரை, அதாவது கரண்டில் ஓடுகிற அந்தக் காலத்துக் கீபோர்டுப் பெட்டியை, போட்டவுடனே வாசிக்கக் கூடாது, சார். நம் ஆர்மோனியம் மாதிரி இல்லை அது. உள்ளே இருப்பவை சூடாகிற வரை சுருதி ஏறும், இறங்கும். அரை மணி நேரம் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு உண்டு. நான் பம்மலில் பிசிக்ஸ் வாத்தியார். பொறுமை இல்லாமல் பிழைக்க முடியாது.

ஜோனத்தானும் நானும் சேலையூரில் ஒரே சர்ச்சில் மாறி மாறிக் கீபோர்டு வாசித்தவர்கள். அவனுக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. கம்ப்யூட்டரில் வராத சத்தத்துக்காகப் பழைய பெட்டிகளைத் தேடி அலைகிற பைத்தியங்கள் தாம்பரம் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருப்போம். நாங்கள் இருவரும் அதில் முற்றிய கேஸ்கள்.

குரோம்பேட்டையில் ஸ்ரீநிவாசராகவன் என்ற பெரியவரின் கட்டிலுக்கடியில் அப்படியொரு பெட்டி கிடந்தது. மூடிப்போன ரெக்கார்டிங் தியேட்டர் ஒன்றிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் தேக்குப் பலகை. அதற்காக நடையாய் நடந்தேன். போகும்போதெல்லாம் ஆப்பிள் வாங்கிப்போவேன். இந்தக் கட்டை ஒட்டுகிறது, அந்தத் திருகு இரைகிறது என்று அதன் குறைகளை எடுத்துச் சொல்வேன். பார்க்கலாம் என்பார். ஜோனத்தான் ஒரே ஒரு தடவை போனான். பெட்டியைப் போட்டுவிட்டு, சூடாகிற வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். எடுத்துக்கொண்டு போ என்று பெரியவர் கொடுத்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை. சர்ச்சில் அவன் அதை முதலில் வாசித்தபோது ஜனங்கள் பாட மறந்து நின்றார்கள். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நான் அந்தத் தேக்குப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பராமரிக்கத் தெரிந்தவனிடம் அது இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. நான் கொண்டுவந்ததுதான். பெட்டிக்குள் கை விடுவதற்கு முன் ஒருவன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வான். திறக்கிறவன் பிளக் எங்கே என்று கேட்பான். மற்றவன் கையில் என்பான். அந்தப் பதில் வராமல் யாரும் உள்ளே விரல் வைக்க மாட்டோம். முன்பக்க சுவிட்சை அணைத்தால் விளக்குதான் அணையும். பின்னால் ஒயர் வந்து சேரும் இடத்தில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். பெட்டி சூடாகி, சுருதி கச்சிதமாக நின்றிருந்தது. பின்னால் ஒரு ஒயர் மட்டும் ஆடுகிறது என்றான். அவன் மனைவி ஜெயசீலி உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சுவிட்சை அணைத்தான். பின்மூடியைக் கழற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி, வெறுங்காலோடு குனிந்தான்.

"பிளக், மச்சான்?"

"கையில."

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது.

நான் அவனைத் தொடக்கூட இல்லை, சார். அவன் அசைவது நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டி தீய்ந்திருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். இல்லை. அதற்கப்புறம் ஜெயசீலியைக் கூப்பிட்டேன்.

ஸ்டேஷனில் நீங்கள் விபத்து என்று எழுதி முடித்தீர்கள். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஜெயசீலியே என்னை வரச்சொன்னாள்.

"அவரு உங்களத்தான் நம்புவாரு, அண்ணா. இத நீங்களே வச்சுக்குங்க" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து சுருதி நிற்கவில்லை. அரை மணி நேரம் பார்த்தேன், நாள் முழுக்கப் போட்டு வைத்தும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தாகிவிட்டது. பள்ளிக்கு லீவு போட்டு, அவனைப் போலவே ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தேன். அவனிடம் நின்றது என்னிடம் நிற்க மாட்டேன் என்கிறது.

அதனால்தான் நானாக வந்தேன். பிளக் சுவரில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பொய் சொன்னேன். அவன் செத்தது அதனால்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்று குனிந்திருந்தபோது அவன் உள்ளே எதையோ திருகி வைத்திருக்கிறான், என்னிடம் சொல்லாமல். இத்தனை வருஷம் பழகியவனை ஏமாற்றியிருக்கிறான், சார். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.