கூசாத சுவர்

– அந்தப் பெயிண்ட் டப்பாவை மூடிடு. படுக்கை ரூமுக்கு மினுமினுப்பு வேணாம்.

– ஏம்மா, இது நீ வாடகைக்கு விடப்போற வீடு. போன குடித்தனக்காரங்க சுவரை என்ன பாடு படுத்திட்டுப் போயிருக்காங்க, பார்த்தேல்ல? லேசா மினுங்கற சாட்டின் பெயிண்ட் அடிச்சுட்டா, கறை பட்டாலும் ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தா போயிடும். இத்தனை வருஷமா பெயிண்ட் கான்ட்ராக்ட் எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?

– உனக்குத் தெரியாதுன்னு யார்டி சொன்னா? சமையல் ரூமுக்கும் குளியல் ரூமுக்கும் பாதி மினுங்கற செமி கிளாஸ்னே. எண்ணெய் தெறிக்கும், ஆவி படும், துடைச்சாகணும். சரின்னுட்டேன். கூரைக்கு மினுங்காத மேட் பெயிண்ட்னே, மேடு பள்ளம் தெரியாதுன்னே. அதுக்கும் தலையாட்டிட்டேன். இந்த ஒரு ரூம்ல மட்டும் என் பேச்சைக் கேளு. இங்கயும் மேட்டே அடி.

– மேட்டுல ஒரு கை பட்டா போதும், கறை அப்படியே ஒட்டிக்கும். தேய்ச்சா அந்த இடம் மட்டும் திட்டா மினுங்கும்.

– மினுங்கட்டுமே.

– இதைச் சொல்றது நீயா? பேரன் பென்சிலோட சுவர் பக்கம் திரும்பினாலே ஓடி வந்து கையைப் பிடிக்கிற ஆளு.

– இந்தா, இங்க வந்து நில்லு. கட்டில் இங்க வரும். காலையில அந்த ஜன்னல் வெயில் நேரா எதிர்ச் சுவர்ல விழும். சுவர் மினுங்கினா அது திரும்பி மூஞ்சியில அடிக்காதா? கண்ணு கூசும்டி.

– யாருக்கு?

– குடி வரவங்களுக்குத்தான்.

– சரி, மேட். நீ ஜெயிச்சுட்டே. ஸ்டூல் மேல ஏன் ஏறறே, இறங்கு. வந்ததுலேர்ந்து ஒரு இடத்துல நிக்கறியா நீ?

– கதவுக்கு என்னடி சொன்னே?

– எனாமல் பெயிண்ட், நல்லா மினுங்கும். கதவு, நிலை, ஜன்னல் எல்லாம் கை படற இடம், கெட்டியா நிக்கணும். வெள்ளை அடிச்சிடறேன், ரூம் பெருசாத் தெரியும்.

– வெள்ளை வேணாம். நல்ல கரு நீலம். சுவர் வெளுப்பா இருக்கும்ல, நிலை தனியாத் தெரியணும். சுவர் எங்க முடியுது, வழி எங்க ஆரம்பிக்குதுன்னு தூரத்துலேர்ந்தே பட்டுனு தெரியணும்.

– ம். அப்புறம்?

– அப்புறம் கட்டில்லேர்ந்து குளியல் ரூம் வரைக்கும், இந்தப் பக்கச் சுவர் பூரா, நெஞ்சு உயரத்துக்கு உன் சாட்டினை அடி. தினமும் கை படற இடம், துடைக்க வாட்டமா இருக்கணும். சுவர்ல கை வைச்சுட்டேதான் நடப்பாரு.

– யாரு நடப்பாரு?

– யாரோ. நீ சுவர் ஓட்டையில பூசின அந்தப் பட்டி காஞ்சிடுச்சா பாரு.

– பட்டி அது பாட்டுக்குக் காயும். வெளிச்சம் கூசக் கூடாது, நிலை தனியாத் தெரியணும், சுவரைத் தடவிட்டு நடக்கணும். கண்ணு சரியாத் தெரியாத ஒருத்தருக்குப் பார்த்துப் பார்த்துப் பண்ணிட்டிருக்கே. யாரும்மா அவரு?

– சனிக்கிழமையானா நூலகத்துக்குப் போறேன்ல.

– கண்ணு தெரியாதவங்களுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டப் போவியே, அதுவா?

– அங்க வருவாரு. வரைபடம் போடற ஆபீஸ்ல இருந்தவரு. போகப் போகப் பார்வை மங்கிடுச்சு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும். நான் ஒரு வரி தாண்டிப் படிச்சா போதும், 'எதையோ முழுங்கிட்டீங்க'ம்பாரு. சண்டை போடுவோம். ஒருநாள் புத்தகத்தை மூடி வைச்சுட்டுப் பேசினோம் பேசினோம், பேசிட்டே இருந்தோம். வாட்ச்மேன் ஆள் இருக்கிறது தெரியாம விளக்கை அணைச்சுட்டாரு. இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியலை, நாற்காலில இடிச்சுக்கிட்டேன். அவருதான் கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தாரு.

– ஓஹோ. கையைப் பிடிச்சு.

– சிரிக்காதேடி.

– நான் எங்க சிரிச்சேன்? உன் மூஞ்சிதான் செவந்து கிடக்கு.

– உங்கப்பா போனப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே. உங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினேன். அப்புறம் உங்கண்ணன் பிள்ளைங்களைத் தூக்கி வளர்த்தேன். யார் மேலயும் குறை இல்லை, உங்கண்ணி தங்கமான பொண்ணு. ஆனா இந்த வீட்டுல வந்து நின்னப்பதான், ஒரு சுவருக்கு என்ன கலர் வேணும்னு நானே யோசிச்சுப் பார்த்தேன். நல்லா இருந்துச்சுடி. நீ கோவிச்சுக்கறியா?

– அந்த ரோலரை இப்படிக் குடு.

– கோவமா?

– கோவம்லாம் இல்லை. எனக்குப் பயமா சந்தோஷமான்னு தெரியலை. அண்ணன்தான் தாம் தூம்னு குதிப்பான்.

– குதிக்கட்டும். எவ்வளவு நேரம் குதிப்பான்? கால் வலிச்சா உக்காருவான்.

– ஆளைப் பாரு. சரி, ஒழுங்காப் பண்ணுவோம். சமையல் ரூமுக்கு செமி கிளாஸ் வேணாம், லைட் பட்டா கண்ணு கூசும். அங்கயும் சாட்டினே போதும், அதையும் துடைக்கலாம். குளியல் ரூம் நிலைக்கு உள்பக்கமும் நீலம் அடிச்சாத்தான் திரும்பி வரும்போது வழி தெரியும். சுவிட்சைச் சுத்தியும் ஒரு நீலப் பட்டை போட்டுடறேன். நாளைக்கே என் ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்.

– நாளைக்கேவா?

– பின்ன? மாசக் கடைசிக்குள்ள நீங்க ரெண்டு பேரும் குடி வந்துடலாம். எனாமல் வாசனை போகத்தான் கொஞ்சம் ஆகும். அவருக்கு அது ஒத்துக்குமான்னு கேளு. இப்பவே போன் போடு.

– இப்ப வேணாம்டி.

– ஏன், வெக்கமா? நம்பரைக் குடு, நானே பேசறேன். அம்மா, ஏன் அப்படி முழிக்கிறே? கல்யாணம் எப்பன்னு பேசியாச்சா? என்ன சொன்னாரு அவரு?

– அவரு என்னத்தைச் சொல்லுவாரு? நான் இன்னும் அவர்கிட்ட கேக்கவே இல்லையே.